24 வயது, கையில் 41 ஆயிரம் சம்பளம்: விட்டுவிட்டு உதவி இயக்குநராகப் போகலாமா?

கத்தரிவெயில்:
எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் சிவகாசி. சென்னை ஓ.எம்.ஆரில் ஓர் ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை, இரண்டே முக்கால் வருடம். பிடித்தம் போகக் கையில் 41 ஆயிரம். வீட்டுக்கு 15 அனுப்புகிறேன். கல்விக் கடன் இன்னும் 1,90,000 பாக்கி. அப்பா ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். தம்பி பாலிடெக்னிக் இரண்டாம் வருடம்.

இதுவரை ஒன்பது சிறுகதை எழுதியிருக்கிறேன். மூன்று, சிற்றிதழ்களில் வந்தன. சன்மானம் எதுவும் கிடையாது. ஓர் இதழ் மட்டும் இரண்டு பிரதி அனுப்பியது, அதுவும் ஹாஸ்டல் வார்டன் மேஜையில் ஒரு வாரம் கிடந்தது.

இப்போது தெரிந்த அக்கா மூலம் ஓர் இயக்குநரின் ஆபீசில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு படம் முடித்தவர். முதல் படத்துக்குச் சம்பளம் இல்லை, ஷூட்டிங் நாளில் பேட்டா மட்டும். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். கதை என்று உட்கார்ந்தால்தான் எனக்கு நேரம் போவது தெரிவதில்லை. போகலாமா? திட்டுவதென்றாலும் திட்டுங்கள், காரணத்தோடு திட்டுங்கள்.

வடபழனி டீ:
போகாதே தங்கச்சி. ஆறு வருடம் இருந்தவன் சொல்கிறேன். மூன்று படம். ஒன்று ரிலீஸ், ஒன்று பாதியில் டிராப், ஒன்று சென்சார் வாங்கியும் பெட்டியிலேயே தூங்குகிறது. இப்போது திருச்சியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறேன்.

உதவி இயக்குநர் என்றால் கதை பண்ணுகிற வேலை என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறோம். எனக்கு முதல் படத்தில் கொடுத்த வேலை கன்டின்யூட்டி, ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது. ஹீரோ டீ குடிக்கிற சீன். வைடு ஷாட்டில் கிளாஸில் முக்கால் டீ இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் க்ளோஸ் எடுக்கும்போது அரை கிளாஸ். மானிட்டரில் யாரும் கவனிக்கவில்லை. எடிட்டிங்கில் மாட்டியது. அத்தனை பேர் முன்னால் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் மூன்று மாதம் டீ கிளாஸ், வாட்ச், சட்டைப் பொத்தான் தவிர எதையும் நான் பார்க்கவில்லை. ஹீரோயின் அழுதாரா சிரித்தாரா என்றே தெரியாது, பொட்டு எந்த இடத்தில் இருந்தது என்று மட்டும் தெரியும்.

ஆறு வருடத்தில் நான் எழுதிய கதை மொத்தம் இரண்டு. அதில் ஒன்று காணாமல் போனது. அதை அப்புறம் சொல்கிறேன்.

அரிக்கேன்:
அண்ணே, உங்கள் வலி புரிகிறது. ஆனால் உங்களுக்கு வாய்க்கவில்லை என்பதற்காக அவரைத் தடுப்பது நியாயமா? 24-ல் போகாமல் 44-லா போவார்? அசோகமித்திரன் 1966-ல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். வீடு, குடும்பம் எல்லாம் அவருக்கும்தான் இருந்தன. அவர் உங்களைப் போல யோசித்திருந்தால் நமக்கு நஷ்டம்.

காலையில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங், ராத்திரி கிளையன்ட் கால், நடுவில் ஷட்டில் பஸ். இதில் எந்த நேரத்தில் எழுதுவது? அப்படியே உட்கார்ந்தாலும் வருவது எழுத்தில்லை, கொட்டாவி.

ஞாயிறு எழுத்தாளன்:
அரிக்கேன் தம்பி, பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள். அசோகமித்திரன் பிறந்தது 1931. வேலையை விட்டபோது முப்பத்தைந்தை நெருங்கிவிட்டார். ஜெமினியில் பத்து வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவர், எழுத்தும் அதற்குள் கைவந்திருந்தது. கையில் ஒன்பது கதையோடு விடவில்லை.

நான் வங்கியில் இருக்கிறேன், இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. என் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். புத்தகம் விலை 200. ராயல்டி பத்து சதவீதம், அதாவது ஒரு பிரதிக்கு 20 ரூபாய். 500 பிரதி விற்க இரண்டு வருடமும் இரண்டு சென்னைப் புத்தகக் காட்சியும் ஆயின. மொத்தம் பத்தாயிரம். அதில் நந்தனத்துக்குப் போய்வந்த ஆட்டோ செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். இளம் எழுத்தாளர்களுக்கான சாகித்ய அகாதமியின் யுவ புரஸ்கார் விருதே 50 ஆயிரம்தான், ஒரு மொழிக்கு வருடத்தில் ஒருவருக்குத்தான். உங்கள் ஒன்றரை மாதச் சம்பளம் அதைத் தாண்டுகிறது.

சுஜாதா பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயராக இருந்துகொண்டுதான் அத்தனை எழுதினார். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பூமணி கூட்டுறவுத் துறை. பெருமாள்முருகன் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். தமிழில் எழுத்துக்குச் சோறு போட்டது பெரும்பாலும் இன்னொரு வேலைதான்.

அரிக்கேன்:
சார், நீங்கள் சொன்ன அத்தனையும் அரசு வேலை, இல்லையென்றால் பொதுத்துறை. மாலையில் வீட்டுக்குப் போகலாம், கோடை விடுமுறை உண்டு, யாரும் திடீரென்று வெளியே போ என்று சொல்ல முடியாது. ஓ.எம்.ஆர். அப்படியா? போன வருடம் என் டீமில் எட்டுப் பேரை ஒரே வெள்ளிக்கிழமை அனுப்பினார்கள். நிரந்தரமில்லாத வேலைக்காக நிரந்தரமில்லாத கனவை விடு என்கிறீர்கள். எனக்கு அந்தக் கணக்கு இடிக்கிறது.

வடபழனி டீ:
இதில் அரிக்கேன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஐ.டி. வேலையும் பாறை கிடையாது. ஆனால் அங்கே வெளியே அனுப்பினால் கணக்கு முடித்து அனுப்புவார்கள். படம் டிராப் ஆனால் உனக்கு யாரும் போன்கூடப் பண்ண மாட்டார்கள். ஆபீஸ் வாசலில் பூட்டைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

எபிசோட் அக்கா:
எல்லோரும் எழுத்து எழுத்து என்று ஒரே சாமியைத்தான் கும்பிடுகிறீர்கள். நான் சீரியலுக்கு வசனம் எழுதுகிறேன், பதினொன்றாவது வருடம். மகளை அந்தக் காசில்தான் படிக்க வைக்கிறேன். எங்களைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டீர்களே.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். காலை 7:40-க்கு செட்டிலிருந்து போன். மாமியாராக நடிக்கிறவருக்குக் காய்ச்சல், நான்கு நாள் வர மாட்டார். அன்றைக்கு எடுக்க வேண்டிய ஐந்து சீனிலும் அவர்தான் பேசுகிறார். பத்து மணிக்குள் சீன் பேப்பர் கேட்கிறார்கள். மாமியாரைக் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டு, அவர் பேச வேண்டியதைப் பாதி நாத்தனார் வாயிலும் பாதி போனிலும் வைத்தேன். போனில் அந்தப் பக்கம் குரல் வராது, கேட்பவர் முகம் மட்டும்தான். மாமியார் நேரில் திட்டுவதைவிட அந்தச் சீன் நன்றாக வந்தது என்று டைரக்டரே சொன்னார். இதுவும் கதை சொல்வதுதான்.

கஷ்டம் இல்லையா? உண்டு. எபிசோட் கணக்கில் காசு, அதுவும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வரும். டி.ஆர்.பி. இறங்கினால் முதலில் மாற்றுவது எழுதுகிறவரைத்தான். ஆனால் சம்பளமே இல்லாத முதல் படத்துக்கு மட்டும் தயவுசெய்து போகாதே கண்ணு. ஹாஸ்டல் வாடகை கனவில் கட்ட முடியாது.

நொய்யல்:
ரிமோட்டைத் தூக்கி எறிய வைப்பதற்குப் பெயர் கதை சொல்வதா? 😄

எபிசோட் அக்கா:
எறிந்துவிட்டு மறுநாள் எடுத்து வைத்துப் பார்க்கிறீர்களே, அதற்குப் பெயர்தான்.

ஞாயிறு எழுத்தாளன்:
வடபழனி டீ, அந்தக் காணாமல் போன கதை?

வடபழனி டீ:
கதை டிஸ்கஷனில் சொன்னேன். அறையில் ஆறு பேர். ஒரு வருடம் கழித்து வேறொருவர் படத்தில் அதன் இன்டர்வல் பிளாக், அதாவது இடைவேளைக்கு முன் வரும் திருப்பம், அப்படியே இருந்தது. என்னிடம் ஒரு தாள்கூட இல்லை, வாயால் சொன்னது. யாரிடம் போய்ச் சொல்வேன்? எவர் மீதும் பழி போட நான் இதை எழுதவில்லை, தங்கச்சி தெரிந்துகொள்ளத்தான்.

கதைக் கருவுக்கு இந்தியச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் முதலில் எழுது. தேதியோடு எழுது. தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய். 2018 தீபாவளிக்கு வந்த பெரிய ஹீரோ படம் ஞாபகம் இருக்கிறதா? ஓர் உதவி இயக்குநர் 2007-லேயே பதிந்து வைத்திருந்த கதையோடு அது ஒத்துப்போகிறது என்று சங்கமே சொன்னது. உயர் நீதிமன்றம் வரை போய், டைட்டிலில் அவர் பெயரைப் போடுவதாகச் சமரசம் ஆனது. பதிந்து வைத்த அந்தத் தாள்தான் அவரைக் காப்பாற்றியது.

அரிக்கேன்:
2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணே. தியேட்டரில் ஓடுவதைத் தவிர மற்ற வழிகளில் வருகிற பணத்தில் எழுத்தாளருக்கு ராயல்டி உரிமை உண்டு, அதைக் கையெழுத்துப் போட்டுத் தயாரிப்பாளருக்குத் தாரைவார்க்கவும் முடியாது. காலம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

எபிசோட் அக்கா:
சட்டத்தில் இருக்கிறது தம்பி. அதைக் கேட்டு வாய் திறந்தால் அடுத்த எபிசோட் யார் எழுதுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஞாயிறு எழுத்தாளன்:
நாம் இங்கே இரண்டு தொழிலை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். கத்தரிவெயில், உங்களுக்கு எழுத வேண்டுமா, படம் எடுக்க வேண்டுமா? எழுதத்தான் ஆசை என்றால், டீ கிளாஸ் அளவு பார்ப்பது எதற்கு உதவும்? படம்தான் என்றால் சிறுகதை எண்ணிக்கையை ஏன் சொல்கிறீர்கள்?

எழுத்தாளர் கி. ராஜநாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். இடைசெவலில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர், முப்பது தாண்டித்தான் எழுதவே வந்தார். 1991-ல் சாகித்ய அகாதமி விருது. 24-ல் பத்து நாள் கெடுவுக்குள் முடிவு எடுத்தாக வேண்டும் என்று எந்தக் கதையும் நம்மிடம் வந்து கேட்பதில்லை, சினிமா ஆபீஸ்தான் கேட்கிறது.

அரிக்கேன்:
சினிமா வேறு சார். எழுத்துக்கு 35-ல் வரலாம். 35-ல் போய் கிளாப் போர்டு பிடிக்க முடியுமா? அங்கே உங்களைவிடச் சின்னப் பையன் அசோசியேட்டாக இருப்பான். வயது ஏறினால் திட்டு வாங்கும் சக்தி குறையும்.

வடபழனி டீ:
அது உண்மை. அதனால்தான் பையன்கள் 22-லேயே வந்துவிடுகிறார்கள். மேன்ஷன் ரூமில் நான்கு பேர், ஒருவன் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பாடு. நானும் அப்படிச் சாப்பிட்டவன்தான். பெண் பிள்ளைக்கு அந்த வசதியும் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஷூட்டிங் முடிந்து பேக்-அப் சொன்னால் எந்த ஹாஸ்டல் கதவு திறக்கும்? உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. வண்டி தருவார்களா என்று முதல் நாளே கேள். கேட்டால் மதிப்பு குறையாது. குறைந்தால் அந்த ஆபீஸ் வேண்டாம்.

கத்தரிவெயில்:
எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். ஞாயிறு சார் கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன். எனக்கே தெரியவில்லை. சின்ன வயதில் அப்பா பிரஸ்ஸிலிருந்து காலண்டர் வேஸ்ட் ஷீட் கொண்டுவருவார். ஒரு பக்கம் முருகன், மீனாட்சி. பின்பக்கம் வெள்ளை. தம்பியைத் தூங்க வைக்க அந்த வெள்ளைப் பக்கத்தில் கட்டம் போட்டுப் படம் வரைந்து கதை சொல்வேன். அது எழுத்தா சினிமாவா?

நேற்று அந்த ஆபீசுக்கு போன் பண்ணிக் கேட்டேன். ஸ்கிரிப்ட் படிக்கத் தருவீர்களா, ராத்திரி வண்டி உண்டா, டிஸ்கஷனில் உட்காரலாமா என்று. கோ-டைரக்டர் பேசினார். வண்டி உண்டு என்றார். டிஸ்கஷன் பற்றி "அதெல்லாம் போகப் போக" என்றார். ஸ்கிரிப்ட் இன்னும் ஒன்லைனாகத்தான், அதாவது கதைச் சுருக்கமாகத்தான் இருக்கிறதாம், ஷூட்டிங் தை மாதத்துக்கு மேல்தான்.

வடபழனி டீ:
ஒன்லைனுக்கே ஆள் எடுக்கிறார்களா! அப்படியென்றால் தை வரை பேட்டாவும் கிடையாது. புரிகிறதா? ஷூட்டிங் நாளுக்குத்தானே பேட்டா. இப்போது போனால் ஆறு மாதம் டீ வாங்கிக்கொண்டு வருவாய்.

எபிசோட் அக்கா:
அதுவரைக்கும் வேலையில் இரு. சனி ஞாயிறு டிஸ்கஷனுக்கு மட்டும் வருகிறேன் என்று சொல்லிப் பார். ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் கேள். அதற்குள் கடனில் பாதியை அடை.

அரிக்கேன்:
தை வரை காத்திருப்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. அதற்கப்புறமும் "இன்னும் ஒரு அப்ரைசல்" என்று இழுத்தால் நான் வந்து கத்துவேன்.

ஞாயிறு எழுத்தாளன்:
அந்த வேஸ்ட் ஷீட் விஷயத்தை எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா? இல்லையென்றால் பத்தாவது கதை அதுதான். தை வருவதற்குள் எனக்கு அனுப்புங்கள், சிவப்பு மையோடு காத்திருக்கிறேன்.

கத்தரிவெயில்:
எழுதவில்லை சார். எழுதுகிறேன்.

சற்றுமுன் அப்பாவுக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். ஏன், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. "மாசம் எவ்வளவு தருவாங்க?" என்று மட்டும் கேட்டார். முதல் படத்துக்குத் தர மாட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் கட்டிங் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. "ஷிப்ட் முடிஞ்சு கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார். இரண்டு மணி நேரம் ஆகிறது.

வடபழனி டீ:
காலண்டர் சீசனில் ஷிப்ட் எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது. நீயே கூப்பிடும்மா.