கம்பம் வீடு (குழு, 14 பேர்)

20 மே, செவ்வாய்

பிரபு: (படம்)

பிரபு: எல்லாருக்கும் வணக்கம். லைப்சிக் பால்கனியில் தோட்டம் ஆரம்பித்துவிட்டேன். மூன்று செடி, முளைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

அம்மா: வெண்டையாப்பா?

ராணி அத்தை: வெண்டை இல்லை மதினி, இலை கைவிரல் மாதிரி பிரிந்திருக்கிறது பாருங்கள், புளிச்சக்கீரை. அங்கே அந்த விதை எப்படிக் கிடைத்தது பிரபு?

கார்த்தி: அம்மா, அது புளிச்சக்கீரை இல்லை

கார்த்தி: மச்சான் நீ பெரிய ஆள்

செல்வம் பெரியப்பா: படத்தை அழி.

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: யாராவது என்னவென்று சொல்லுங்கள்

செல்வம் பெரியப்பா: கஞ்சா.

பிரபு: பெரியப்பா, அம்மா, பதறாமல் படியுங்கள். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் பதினெட்டு வயது முடிந்தவர்கள் தன் வீட்டில், தன் உபயோகத்துக்கு மட்டும், ஒரு நேரத்தில் மூன்று செடி வரை வளர்க்கலாம். ஆறு மாதமாவது இங்கே குடியிருந்திருக்க வேண்டும், நான் வந்து இரண்டு வருடம் ஆகிறது. குழந்தைகளும் வேறு ஆட்களும் தொட முடியாதபடி வைக்க வேண்டும் என்பது விதி, அதனால் பால்கனிக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். திருட்டுத்தனமாக எதுவும் இல்லை.

கார்த்தி: ஏப்ரல் 1. நல்ல நாள் பார்த்திருக்கிறார்கள்

அம்மா: பூட்டுப் போட்டு வளர்க்கிற செடி உனக்கு எதற்கு?

பிரபு: உண்மையைச் சொல்கிறேன்மா. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் நான்கு வருடம், எந்த ஊர் என்று கேட்டுக் கம்பம் என்று சொன்னால் போதும், ‘பையில் என்ன இருக்கு’ என்பார்கள். அதுவரை அந்தச் செடியை நான் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. இங்கேயும் ஆபீஸில் ஒருவன் கூகுளில் தேடிவிட்டு அதே கேள்வியைக் கேட்டான். சரி, பேர் வாங்கியாயிற்று, செடியையாவது ஒரு தடவை பார்ப்போம் என்றுதான். இராத்திரி தூக்கம் சரியாக வராததும் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை.

ராணி அத்தை: தூக்கம் வரவில்லை என்றால் போனைத் தூரப் போடு

தேன்மொழி அக்கா: கோர்ட்டில் இருந்தேன், இப்போதுதான் பார்க்கிறேன். தம்பி அங்கே செய்வது அங்கே சட்டப்படி சரி. ஆனால் இந்தக் குழுவில் இருக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், முக்கியமாகக் கார்த்திக்கு. இங்கே என்டிபிஎஸ், அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985. செடி வளர்த்தால் பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். ‘சும்மா பார்க்கத்தான் வளர்த்தேன்’ என்கிற பதிலை உத்தமபாளையம் கோர்ட்டில் சொல்லிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கார்த்தி: அக்கா நான் ஒன்றுமே கேட்கவில்லையே

தேன்மொழி அக்கா: கேட்பாய்.

கார்த்தி: மச்சான் மீதி விதை இருக்கிறதா, சும்மா ஒரு தபால்

தேன்மொழி அக்கா: பார்த்தீர்களா. தக்காளி விதையையே வெளிநாட்டிலிருந்து அனுமதி இல்லாமல் வரவழைக்கக் கூடாது, தாவரத் தடுப்புக்காப்பு உத்தரவு 2003 என்று ஒன்று இருக்கிறது. இதை அனுப்பி, அது கார்த்தி பெயருக்கு வந்து, பிறகு நான் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வர வேண்டுமா? ஃபீஸும் தரமாட்டான்.

செல்வம் பெரியப்பா: நம் நிலத்தில் வேறு எவனாவது போட்டிருந்தாலும், பார்த்தவுடன் நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும். நிலத்துக்காரனுக்கு அந்தச் சட்டத்திலேயே அந்தக் கடமை இருக்கிறது. வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்த காலத்தில், காட்டு ஓரத்துக்கு மாதம் ஒரு தடவை நானே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அட்டைக்கடி வேறு. அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை, அதனால்தான் அழி என்றேன். பையன் சொன்னது புரிந்தது. இருக்கட்டும்.

பிரபு: சரி பெரியப்பா. இலைப் படம் போடமாட்டேன், எழுதிக் கேட்கிறேன்.

8 ஜூன், ஞாயிறு

பிரபு: பெரியப்பா, ஒரு சந்தேகம். மூன்றும் ஒரே விதைப் பொட்டலம், மூன்றையும் ஒரே நாள் ஈரத் துணியில் முளைகட்டி ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில்தான் வைத்தேன். முதல் செடியைக் காகிதக் கப்பில் வைத்து, முளைத்த பதினைந்தாம் நாள் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். மற்ற இரண்டையும் நேராகவே 11 லிட்டர் தொட்டியில் வைத்தேன். இப்போது முப்பத்தொன்றாம் நாள். மாற்றிய செடி ஒரு சாண்தான் இருக்கிறது, அதற்குள் பூ மொட்டு காட்டுகிறது. மற்ற இரண்டும் முழங்கால் உயரம் வந்துவிட்டன. ஏன்?

செல்வம் பெரியப்பா: எத்தனை நாள் பயிர்?

பிரபு: எழுபதிலிருந்து எண்பது நாள் என்று போட்டிருக்கிறான். ஆட்டோஃபிளவர் என்று பெயர். சாதாரணக் கஞ்சா இராப்பொழுது நீளமானால்தான் பூக்கும், இது பகல் எவ்வளவு நேரம் என்று பார்க்காது, வயது வந்தால் பூத்துவிடும்.

செல்வம் பெரியப்பா: அப்படியென்றால் இது குறுகிய கால நெல். பழைய சம்பா ரகங்கள் எல்லாம் பட்டம், அதாவது பருவம் பார்க்கும், நீ முன்னே நட்டாலும் பின்னே நட்டாலும் அது தன் மாதத்தில்தான் கதிர் விடும். ஆடுதுறை 36, 43 வந்த பிறகு எந்தப் பட்டத்தில் போட்டாலும் நூற்றுப் பத்து நாள். அதற்குத் தேதி தெரியாது, வயதுதான் தெரியும். நாற்றங்காலுக்கு ஒரு கணக்கு உண்டு, பயிர் எத்தனை மாதமோ அத்தனை வாரம்தான் நாற்று வயது. சம்பா நாற்று பத்து நாள் தாமதமானாலும் சமாளித்துக்கொள்ளும், குறுகிய காலத்தில் நாற்று முற்றிவிட்டால் நட்ட கொஞ்ச நாளில் குட்டையாக நின்றுகொண்டே கதிர் தள்ளும், தூர் கட்டாது. உன் செடி செய்திருப்பது அதுதான். கப்பில் வேர் சுற்றியிருக்கும், பிடுங்கி வைத்ததில் ஒரு வாரம் அடங்கிக் கிடந்திருக்கும். எழுபது நாளில் ஒரு வாரம் போனால் மீதி என்ன இருக்கிறது?

பிரபு: யூடியூபில் ஆறு மணி நேரம் பார்த்தேன் பெரியப்பா. ‘முதல் நாளே கடைசித் தொட்டியில் வை’ என்று எல்லாரும் சொன்னார்கள். ஏன் என்று யாரும் இப்படிச் சொல்லவில்லை. நானும் கப் சின்னதாக அழகாக இருக்கிறதே என்று ஒன்றை அதில் வைத்துவிட்டேன்.

முருகேசன் மாமா: ஓசூர்ப் பக்கம் லோடு எடுக்கப் போகும்போது இராத்திரியில் செவ்வந்தித் தோட்டம் முழுக்க பல்பு எரியும். கல்யாண வீடு என்று நினைத்து ஒரு தடவை வண்டியை நிறுத்திக்கூடக் கேட்டேன். இராப்பொழுது நீளமாக இருந்தால் சீக்கிரம் மொட்டு வைத்துவிடுமாம், செடி வளரும்வரை வெளிச்சம் போட்டு ஏமாற்றுகிறார்களாம். இதையும் அப்படி ஏமாற்ற முடியாதா?

பிரபு: அதேதான் மாமா. சாதாரணக் கஞ்சாவை வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் பதினெட்டு மணி நேரம் விளக்குப் போட்டு இலையிலேயே நிறுத்தி வைத்து, பிறகு பன்னிரண்டு மணி நேரமாகக் குறைத்துப் பூக்க வைப்பார்கள். இதை ஏமாற்றவும் முடியாது, கெஞ்சவும் முடியாது. ருடராலிஸ் என்று ஒரு வகை, ரஷ்யாவில் யானிஷெவ்ஸ்கி என்ற தாவரவியல்காரர் 1924இல் எழுதி வைத்தது. அங்கே கோடை குட்டை, குளிர் வருவதற்குள் பூத்து விதை போட்டுவிட வேண்டும், அதனால் நீண்ட இராப்பொழுதுக்குக் காத்திருக்கிற பழக்கத்தையே விட்டுவிட்டது. அதைப் பெரிய ரகங்களோடு இனக்கலப்பு செய்துதான் இந்த விதைகள். கடையில் முதலில் பேர் வாங்கியது லோரைடர் என்கிற ரகம், 2000க்குப் பிறகு வந்தது. எனக்கு இங்கே இதுதான் வசதி. ஜூனில் இங்கே பதினாறு மணி நேரத்துக்கு மேல் பகல், சாதாரணச் செடி வைத்தால் அது பூத்து முடிக்க அக்டோபர் ஆகிவிடும், அப்போது மழையும் குளிரும் சேர்ந்து பூவுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

செல்வம் பெரியப்பா: பன்னீர் திராட்சையில் காய்க்கிற நேரம் மழை பிடித்தால் என்ன ஆகும் என்று உன் அப்பனைக் கேள்.

அப்பா: குலை அழுகும்

கார்த்தி: மாமா பேசிவிட்டார்

முருகேசன் மாமா: பப்பாளி மாதிரி ஆண் செடி பெண் செடி தொல்லை இதில் உண்டா?

பிரபு: உண்டு மாமா. ஆண் ஒன்று நின்றால் பெண் பூ எல்லாம் விதை பிடித்து வீணாகிவிடும். நான் வாங்கியது பெண் விதை, அப்படியே தயார் செய்து விற்கிறார்கள்.

15 ஜூன், ஞாயிறு

பிரபு: இரண்டாவது செடிக்கு இலை நுனி கருகிவிட்டது. இலை எல்லாம் கீழ்நோக்கிக் கழுகு நகம் மாதிரி வளைந்திருக்கிறது. கரும்பச்சை. மூன்றாவது நன்றாக இருக்கிறது.

செல்வம் பெரியப்பா: என்ன போட்டாய்?

பிரபு: திரவ உரம், பாட்டிலில் எழுதியிருந்த அளவுதான், வாரம் இரண்டு தடவை. மூன்றாவதுக்கு உரம் தீர்ந்துபோனதால் ஒன்றும் போடவில்லை.

செல்வம் பெரியப்பா: இனி வாங்காதே.

செல்வம் பெரியப்பா: பாட்டில் விற்கிறவன் பாட்டில் தீருகிற அளவைத்தான் எழுதுவான். கரும்பச்சையாக இலை தொங்கினால் தழைச்சத்து ஏறிவிட்டது என்று அர்த்தம், நெல்லில் யூரியா கூடினால் பார்த்திருப்பாய். வெறும் தண்ணீர் ஊற்று, அடியில் வடிகிற மாதிரி ஊற்று. அப்புறம் மண் காயட்டும். சின்னச் செடி, சின்ன வயிறு. பை மண்ணிலேயே முதல் மூன்று வாரத்துக்குச் சத்து இருக்கும்.

பிரபு: மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல் கலந்திருக்கிறேன், இறுகாமல் இருக்க. தண்ணீர் ஊற்றுவதுதான் இன்னும் பிடிபடவில்லை. மேல்மண் காய்ந்து தெரிகிறது, விரலை விட்டால் உள்ளே ஈரம்.

ராணி அத்தை: தொட்டியைத் தூக்கிப் பார். காய்ந்திருந்தால் லேசாக இருக்கும். மொட்டை மாடியில் ரோஜாவுக்கு நான் அப்படித்தான் பார்க்கிறேன். (இதைச் சொல்லிக் கொடுத்ததற்கு என்மேல் கேஸ் வருமா தேன்மொழி?)

தேன்மொழி அக்கா: ரோஜாவுக்கு வராது அத்தை

பிரபு: இன்னொன்று பெரியப்பா. மூன்றாவது செடி ஒரே தண்டாகக் குத்தாக மேலே போகிறது. நுனியை வெட்டிவிட்டால் பக்கக் கிளை வரும் என்கிறார்கள். கவாத்து பண்ணவா?

செல்வம் பெரியப்பா: திராட்சையில் நான் கத்தரி வைத்தால், அது ஆறி, துளிர் விட்டு, குலை காட்ட நாள் இருக்கிறது. உன் செடிக்கு நாள் எங்கே? வெட்டாதே. நுனியை மெதுவாக வளைத்துத் தொட்டி விளிம்பில் ஒரு கயிற்றால் கட்டு, பந்தலில் கொடியைப் படர விடுகிற மாதிரி. பக்கக் கணுவுக்கு வெயில் பட்டால் அதுவே எழுந்து வரும். காலையில் தண்டு விறைப்பாக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் வளை, ஒடியாது.

பிரபு: நீங்கள் இந்தச் செடி வளர்த்ததே இல்லையா பெரியப்பா?

செல்வம் பெரியப்பா: செடி செடிதான். சாப்பிடப் போகிறேன்.

26 ஜூலை, சனி

பிரபு: மூன்றையும் அறுத்துவிட்டேன். எழுபத்தொன்பதாம் நாள். நாள் கணக்கைப் பார்த்து அறுக்கவில்லை, பூவின் மேல் பனித்துளி மாதிரி குட்டிக் குட்டியாகச் சுரப்பிகள் இருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணாடி மாதிரி தெளிவாக, பிறகு பால் நிறமாக, கடைசியில் தேன் நிறமாக மாறும். பெரும்பாலும் பாலாகி அங்கங்கே தேன் தெரிந்தபோது வெட்டினேன். ஒரு வாரம் முன்பே கை அரித்தது.

கார்த்தி: எவ்வளவு தேறியது

பிரபு: பச்சை எடை 230 கிராம். இருட்டு அலமாரிக்குள் தலைகீழாகத் தொங்க விட்டிருக்கிறேன், இருபது டிகிரிக்குக் கீழே, சின்ன ஃபேன் செடிமேல் நேராகப் படாமல். பத்து நாள் ஆகும். வீடு முழுக்க வாசனை, பக்கத்து வீட்டுக்காரர் படியில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ராணி அத்தை: பச்சை ஏலம் ஐந்து கிலோ, காய வைக்கிற ஸ்டோரில் போட்டால் ஒரு கிலோ வரும். ஒரே இராத்திரியில் சூடு ஏற்றி எடுத்துவிடுவோம், இல்லாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். நீ எதற்குப் பத்து நாள்?

பிரபு: இதைச் சூடாக்கினால் வாசனை போய், வைக்கோல் நாற்றம் வருமாம் அத்தை. மெதுவாகக் காய்ந்து, குச்சி வளையாமல் ஒடிந்தால், அப்புறம் பாட்டிலில் போட்டுத் தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து மூட வேண்டும்.

தேன்மொழி அக்கா: தம்பி, அங்கே வீட்டில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்?

பிரபு: காய்ந்தது 50 கிராம் வரை அக்கா. வெளியே எடுத்துப் போனால் 25.

அம்மா: மூன்று செடி வளர்க்கலாம், ஐம்பது கிராமுக்கு மேல் வைக்கக் கூடாதா? நன்றாக விளைந்தால் என்ன செய்வது?

பிரபு: மிச்சத்தை அழித்துவிட வேண்டும்மா. யாருக்கும் கொடுக்கவும் கூடாது, விற்பது மட்டுமில்லை, சும்மா கொடுப்பதும் குற்றம்.

செல்வம் பெரியப்பா: விளைச்சல் கூடினால் குற்றமாகிற வெள்ளாமையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

பிரபு: எடை போட்டுவிட்டேன். மாற்றி நட்ட செடி 5 கிராம். உரம் போட்டது 17. ஒன்றும் செய்யாமல் விட்ட மூன்றாவது செடி 24. மொத்தம் 46.

கார்த்தி: நான்கு கிராம் பாக்கி. பொங்கலுக்கு வரும்போது

தேன்மொழி அக்கா: கார்த்தி.

கார்த்தி: சாக்லேட் என்று எழுத வந்தேன் அக்கா

தேன்மொழி அக்கா: பிரபு, நிஜமாகவே சொல்கிறேன், ஊருக்குக் கிளம்பும் முன் பை, சட்டைப் பாக்கெட், ஷூ எல்லாம் உதறிப் பார். அந்த அலமாரியில் தொங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு வராதே. கொச்சி ஏர்போர்ட்டில் உன்னை எடுக்க நம் வண்டிதான் வர வேண்டும், போலீஸ் வண்டி இல்லை.

பிரபு: சரி அக்கா. பெட்டியே புதிதாக வாங்கிவிடுகிறேன்.

அம்மா: தூக்கம் வந்ததா?

பிரபு: ஒரு தடவைதான் பார்த்தேன்மா. தூக்கம் வந்தது, கூடவே இராத்திரி இரண்டு மணிக்குப் பசியும் வந்தது, மறுநாள் ஆபீஸில் மந்தமாக இருந்தது. பாட்டிலை மூடி வைத்துவிட்டேன். செடி வளர்ந்த எழுபத்தொன்பது நாள்தான் நன்றாக இருந்தது.

செல்வம் பெரியப்பா: அந்தத் தொட்டி மண்ணைக் கொட்டிவிடாதே. வேரை எடுத்துவிட்டுக் கொத்தமல்லி போடு, குளிருக்கு முன் ஒரு அறுப்பு எடுக்கலாம்.

அம்மா: கொத்தமல்லியை முழுசாகப் போடாதே, செருப்புக் காலால் ஒரு தேய் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடு

பிரபு: இங்கே கடையில் கிடைப்பது முளைக்குமா அம்மா?

அம்மா: ஈரத் துணியில் பத்து மட்டும் வைத்துப் பார். அதுதான் இப்போது உனக்குத் தெரியுமே