குவார்ட்டரும் ஆம்பூர் பிரியாணியும்: ஊதினா எவ்வளவு காட்டும்?

காட்பாடி கணக்கு:
நம்ம பக்கம் ஓயாத சண்டை. 70 கிலோ ஆள், ஒரு குவார்ட்டர் பிராந்தி, கூட ஆம்பூர் பிரியாணி. குடிக்க ஆரம்பிச்சு மூணு மணி நேரம் கழிச்சு வண்டி எடுத்தா மாட்டுவாரா? "பிரியாணி சரக்கை உறிஞ்சிடும்"னு ஒரு கோஷ்டி சொல்லுது. கணக்கைப் பாருங்க. 180 மில்லியில் 42.8 சதவீதம்னா சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் 61 கிராம். ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால்னு கணிக்கிற விட்மார்க் சூத்திரப்படி, உடம்பு எடையில் ஆல்கஹால் பரவுற பங்கு ஆணுக்கு 0.68. பெருக்கல் 70, அதாவது 47.6. அதால 61ஐ வகுத்தா கிலோவுக்கு 1.28 கிராம், அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு ஏறக்குறைய 128 மில்லிகிராம். கல்லீரல் மணிக்கு 15 எடுக்கும். மூணு மணி நேரத்தில் 45 போனாலும் 83 நிக்குது. மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவில் வரம்பு 30தான்.

சைடிஷ் சபை:
தலைவரே, உங்க சூத்திரம் குடிச்சது மொத்தமும் ரத்தத்தில் கலந்துட்டதா வெச்சுக்குது. ஆல்கஹால் இரைப்பையில் மெதுவாத்தான் ஏறும், வேகமெல்லாம் சிறுகுடலில்தான். வயித்துல சோறும் கறியும் இருந்தா இரைப்பையோட கீழ்வாசல் சீக்கிரம் திறக்காது. சரக்கு கொஞ்சம் கொஞ்சமா இறங்குறதால, உடம்பு முழுக்கப் பரவுறதுக்கு முன்னாடியே கல்லீரல் ஒரு பங்கை முடிச்சிடுது. அதனால உச்சமும் குறையும், மொத்தமும் குறையும். ஆனா பிரியாணி முன்னாடியே உள்ள போயிருக்கணும். குடிச்சு முடிச்சிட்டு இலை போட்டா பெருசா பலன் இல்ல.

காட்பாடி கணக்கு:
சரி, உச்சம் கால் பங்கு குறைஞ்சதாவே வெச்சுக்கலாம். 96ல 45 கழிச்சா 51. அப்பவும் மாட்டுவார். அதைவிட மோசம் தாமதம். வெறும் வயித்துல அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள்ள உச்சம் வந்துடும். நல்லா சாப்பிட்டிருந்தா ரெண்டு மணி நேரம்கூட ஆகும். ஆம்பூர்ல மடமடன்னு முடிச்சிட்டு உடனே கிளம்புறவருக்கு பள்ளிகொண்டா டோல்கிட்ட ஒண்ணும் தெரியாது. "ஸ்டெடியா இருக்கேன்"னு நினைச்சு மிதிப்பார், வாலாஜா தாண்டும்போது அளவு ஏறிக்கிட்டு இருக்கும்.

அக்னி வெயில்:
வேலூர் வெயில்ல பாதி வேர்வையிலேயே போயிடுமே பா?

ரத்தக்குழாய்:
போகாது. மூச்சு, சிறுநீர், வேர்வை மூணும் சேர்ந்தே பத்து சதவீதத்தைத் தாண்டுறதில்ல, மிச்சமெல்லாம் உடம்புக்குள்ள எரியணும். வெயில் எதிராத்தான் வேலை செய்யும். 70 கிலோ ஆண் உடம்பில் சுமார் 42 லிட்டர் தண்ணி, ஆல்கஹால் கரையுறது அதுலதான். ரெண்டு லிட்டர் வேர்த்துட்டா அதே சரக்குக்கு அளவு ஐந்து சதவீதம் கூடும்.

இதே காரணத்தாலதான் பெண்களுக்கு 0.68க்குப் பதில் 0.55 போடுறோம். 55 கிலோ பெண் ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி குடிச்சாலே நூறு வந்துடும். ரெண்டு பேர் ஒரே எடைன்னாலும் தொப்பை பெருத்தவருக்கு அளவு கூடும், கொழுப்பில் தண்ணி குறைவு. சோடா கலந்தா பல பேருக்குச் சீக்கிரம் ஏறும். ராவா அடிச்சா சில சமயம் இரைப்பை வாசல் சுருங்கி நேரமாகும், அதை வெச்சு யாரும் திட்டம் போடாதீங்க. எலுமிச்சை, மோர், காபி, தலைக்குக் குளியல் எதுவும் அந்த 15ஐ 16 ஆக்காது.

அளக்குற இடத்துலயும் தப்பு நடக்கும். கடைசி மடக்கு குடிச்சதும் ஊதினா வாயில் ஒட்டியிருக்கிறதும் சேர்ந்து கூடுதலாக் காட்டும். 15 நிமிஷம் விட்டு ஊதணும். ரத்தம் எடுக்கும்போது தோலை ஸ்பிரிட் பஞ்சால துடைக்கக் கூடாது. குழாயில் சோடியம் ஃப்ளூரைடு இருக்கணும், இல்லன்னா வைக்கிற சூட்டுல கிருமி சர்க்கரையை ஆல்கஹாலா மாத்திடலாம். இன்னொண்ணு, ஆஸ்பத்திரி லேப் பெரும்பாலும் சீரத்தில், அதாவது ரத்தம் உறைஞ்சதும் பிரியுற தெளிந்த நீரில் பார்க்கும். அது முழு ரத்தத்தைவிட 12 முதல் 18 சதவீதம் கூடவே வரும், சட்டம் சொல்ற 30 முழு ரத்தத்துக்கு. சீரம் ரிப்போர்ட்டை அப்படியே தூக்கிட்டு வந்து வாதாடுறவங்க இதைப் பார்க்கிறதே இல்ல.

சைடிஷ் சபை:
தினமும் அடிக்கிறவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவருக்கு வேகமா இறங்கும்.

ரத்தக்குழாய்:
கல்லீரல் கெடாத வரைக்கும் சரி, மணிக்கு 20, 25 போகலாம். அது வேற, தள்ளாடாம நிக்கிறது வேற. பழகின ஆள் 128லயும் நேரா நடப்பார், மெஷின் 128தான் காட்டும்.

காட்பாடி கணக்கு:
அப்போ வேகம் ஆளுக்கு ஆள் மாறுது. பத்திரத்துக்கு, ஓட்டுறவருக்கு நான் 15கூட போட மாட்டேன், 10தான். 128லருந்து 30க்கு வர 98 இறங்கணும், கிட்டத்தட்ட பத்து மணி நேரம். ராத்திரி 11க்கு ஆரம்பிச்சவர் காலைல 9 வரைக்கும் சாவியைத் தொடக் கூடாது. ஏழு மணிக்கு ஸ்கூல் வேன் எடுக்குறவங்க பார்த்துக்குங்க.

சைடிஷ் சபை:
எல்லாருக்கும் 10 போட்டா ஓவர். சாப்பிட்ட ஆளுக்குக் கல்லீரல் எரிக்கிற வேகமே கூடும், 15க்குக் கீழ போடுறது நியாயம் இல்ல. வெறும் வயித்துல அடிச்சிட்டு அப்படியே படுத்தவருக்கு வேணா 10 போடுங்க, அதுக்கு நான் சண்டைக்கு வரல.