ஆகஸ்ட் முகாம்: யாருக்குக் காயம், யாருக்கு இடம்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம்ம கால்பந்து இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற முட்டைப் பந்து) பருவத்துக்கு முந்தைய ஆகஸ்ட் பயிற்சி முகாமில் ஒருவர் அடிபட்டால் ஆட்டக்காரர் வரிசை எப்படி மாறும் என்று பார்க்க ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் 2014 முகாமை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பிராக்ஸ்டன் மில்லருக்கு அந்த பிப்ரவரியில் பந்தெறியும் வலது தோளில் அறுவை சிகிச்சை. வசந்தகாலப் பயிற்சி முழுக்க அவர் எறியவில்லை. அந்த வாய்ப்புகள் எல்லாம் அடுத்த இரு குவார்ட்டர்பேக்குகளான கார்டேல் ஜோன்ஸுக்கும் ஜே.டி. பாரெட்டுக்கும் போயின. வசந்தம் முடிந்தபோது ஜோன்ஸ் முன்னால், ஆகஸ்டில் பாரெட் முந்தினார். ஆகஸ்ட் 18-ம் தேதி சாதாரண ஒரு எறிதலில் மில்லரின் அதே தோள் மறுபடியும் போனது. நேவி அணியுடன் முதல் ஆட்டம் ஆகஸ்ட் 30. மில்லரின் இடத்தில் இறங்க பாரெட்டின் கையில் இருந்தது 12 நாள்.

பலரும் அந்த 12 நாளைத்தான் பேசுகிறார்கள். உண்மையில் பாரெட்டைக் காப்பாற்றியது அதற்கு முந்தைய மாதங்கள். முதல் ஆட்டக்காரர் நலமாக இருந்தால் முதல் வரிசையோடு ஆடும் ரெப்ஸில் (பயிற்சியில் ஆடிப் பார்க்கும் முறைகள்) பெரும்பங்கு அவருக்கே. இரண்டாமவருக்கு மிச்சம், மூன்றாமவர் எதிரணி ஆட்டத்தை நடித்துக் காட்டுவார். மில்லர் ஓரமாக நின்றதால் மட்டும்தான் அடுத்த இருவருக்கும் முழுப் பங்கு கிடைத்தது.

*

குவார்ட்டர்பேக்கை மட்டும் பார்த்தா பாதிக் கதைதான். அந்த வருஷம் லைன்ல (குவார்ட்டர்பேக்குக்கு முன்னால நின்னு எதிராளியைத் தடுக்கிறவங்க) அஞ்சு பேர்ல நாலு பேர் புதுசு. மிச்சமிருந்த டெய்லர் டெக்கரையும் வலது டேக்கிள்லேர்ந்து (டேக்கிள்னா லைனோட ஓரத்து இடம்) இடது டேக்கிளுக்கு மாத்துனாங்க. பில்லி பிரைஸ், டேரில் பால்ட்வின் ரெண்டு பேரும் டிஃபன்ஸ் பக்கத்துலேர்ந்து வந்தவங்க. நடு இடமான சென்டர்ல ஜேக்கபி போரன்.

வலதுலேர்ந்து இடதுக்கு மாறுறது சும்மா இடம் மாறுறது இல்ல. எந்தக் கால் பின்னால, எந்தக் கை தரையில, முதல் அடி எந்தப் பக்கம், எல்லாமே தலைகீழ். வலது கையால எழுதுறவன் இடது கையால எழுதிப் பழகுற மாதிரி. அதோட யாரு யாரைத் தடுக்கணும்னு அஞ்சு பேரும் ஒரே கூப்பாட்டுல புரிஞ்சுக்கணும். ஒருத்தன் தப்பா கேட்டாலும் நடுவுல ஓட்டை.

அது எங்க தெரிஞ்சுதுன்னா, செப்டம்பர் 6-ல வெர்ஜீனியா டெக் ஆட்டத்துல. அவங்க நம்ம சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற கார்டுங்க, இந்த மூணு பேர் தலைக்கு நேரா ஆளை நிறுத்தி, பின்னால பாதுகாப்பே வைக்காம பாரெட் மேல ஆளை அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. பாரெட்டை 7 தடவை சாக் பண்ணாங்க, அதாவது எறியறதுக்கு முன்னாடியே விழ வெச்சாங்க. 29 எறிஞ்சதுல 9 தான் சேர்ந்துச்சு, 3 எதிரணி கையில போச்சு. 35-21 தோல்வி. பழியெல்லாம் பாரெட் தலையில விழுந்துச்சு. என்னைக் கேட்டா, சரியாப் பழகாத லைனோட கணக்கு அது.

*

காயச் செய்திகளைப் படிப்பதைப் பற்றிக் கொஞ்சம். பயிற்சியாளர் ‘நாளுக்கு நாள் பார்க்கிறோம்’ என்றால் அதில் ஒன்றும் இல்லை. எந்த உடல் பாகம், எந்த ஆட்ட இடம் என்று பாருங்கள்.

தொடைப் பின்தசை இழுத்துக்கொள்வது ரிசீவர் (எறிந்த பந்தை ஓடிப் பிடிப்பவர்), கார்னர்பேக் (அவரைத் தடுப்பவர்) ஆட்களுக்கு முகாமின் ஆரம்பத்தில் வரும். கோடையில் நேராக ஓடியிருப்பார்கள், முழு வேகத்தில் ஓடி சட்டென்று நின்று திரும்பியிருக்க மாட்டார்கள். வலி போனதும் இறக்கினால் அதே இடம் மறுபடி கிழியும். முழு வேக ஓட்டம் தடையில்லாமல் வந்து, பலம் மற்றக் காலோடு ஏறக்குறைய சமமான பிறகே விட வேண்டும். சாதாரணக் கணுக்கால் சுளுக்கையும் மேல்கணுக்கால் சுளுக்கையும் ஒன்றாக நினைக்காதீர்கள். இரண்டாவது பல வாரம் இழுக்கும், லைன் ஆட்களால் காலை ஊன்றித் தள்ளவே முடியாது. முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் (ACL) அறுந்தால் அந்தப் பருவமே போச்சு.

தலையில் அடி என்றால் படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும்: லேசான உடற்பயிற்சி, ஓட்டம், மோதலில்லாப் பயிற்சி, மருத்துவர் அனுமதி, மோதல், பிறகு ஆட்டம். படிக்குக் குறைந்தது 24 மணி நேரம், அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. அதனால் ‘நாளைக்கே வந்துவிடுவார்’ என்ற செய்தியை நம்ப வேண்டாம். 2015 முதல் 2019 வரை 6 கல்லூரி அணிகளின் 658 வீரர்களைத் தொடர்ந்த ஆய்வில், பதிவான தலை அதிர்ச்சிகளில் 48.5 சதவீதம் பருவத்துக்கு முந்தைய பயிற்சியில். அந்தப் பயிற்சியோ மொத்தக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான்.

*

அந்த ஆய்வு வந்த 2021-லதான் கல்லூரி முகாம் விதியும் இறுகுச்சு. 2014-ல முதல் 2 நாள் ஹெல்மெட் மட்டும், 3, 4-ம் நாள் தோள் பேடும் (அடி தாங்கும் காப்பு), 5-ம் நாள் முழு பேட். இப்போ பழகும் காலம் 7 நாள். மொத்தம் 25 பயிற்சி, அதுல முழு பேட் 9 தான், ஒரு பயிற்சியில முழு மோதல் 75 நிமிஷத்துக்கு மேல கூடாது.

இது இடப்போட்டியையும் மாத்திடுச்சு. லைன் ஆள், ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிட்டு ஓடுறவர்) இவங்களை பேட் இல்லாம எடை போட முடியாது. 9 நாள்ல ரெண்டு நாள் ஒருத்தன் உட்கார்ந்தா அவன் பேர் கீழே போயிடும், திறமை குறைஞ்சதால இல்ல.

வெயில் விஷயம் ஒண்ணு. உழைப்பு வெப்பத்தாக்குல உடல் உள்வெப்பம் 40.5 டிகிரியைத் தாண்டினா, ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே ஐஸ் தண்ணித் தொட்டியில கழுத்துவரை இறக்கணும். 30 நிமிஷத்துக்குள்ள 38.9-க்கு இறக்கிட்டுத்தான் வண்டியில ஏத்தணும். அக்குள்ல, வாயில வெச்ச தெர்மாமீட்டர் இங்க பொய் சொல்லும், மலக்குடல் அளவுதான் சரி.

*

2014 அணியின் ரன்னிங் பேக் எசக்கியல் எலியட்டை விட்டுவிடக் கூடாது. அதே ஆகஸ்டில் இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. ரன்னிங் பேக் இடத்துக்கு ராட் ஸ்மித், கர்டிஸ் சாமுவேல் எல்லாம் வரிசையில் நின்றார்கள். கட்டுப்போட்ட கையோடு ஓடலாம். பந்தைப் பிடிப்பதும், ஆளைக் கையால் நிறுத்துவதும்தான் சிரமம். ஆகவே ஓடுபவருக்கு மணிக்கட்டு தாங்கும், எறிபவருக்குத் தோள் தாங்காது. பருவக் கடைசி 3 ஆட்டங்களில் அவர் ஓடியது 220, 230, 246 யார்டு.

அந்த மூன்றிலும் எறிந்தது ஜோன்ஸ், ஆகஸ்டில் மூன்றாவதாக நின்றவர். நவம்பர் 29-ல் மிச்சிகனுக்கு எதிராக பாரெட்டின் கணுக்கால் முறிந்தது. அடுத்து விஸ்கான்சின் 59-0, அலபாமா 42-35, ஓரிகன் 42-20, தேசியப் பட்டம்.

*

சரி, ஆனால் அதோடு நிறுத்தினால் தப்பான முடிவுக்கு வந்துவிடுவோம். 2015 ஆகஸ்டில் மில்லர் ரிசீவராக மாறிவிட்டார், ஜோன்ஸ், பாரெட் இருவரும் தயார். டெப்த் சார்ட்டில் (இடவாரியாக ஆட்டக்காரர் வரிசைப் பட்டியல்) இருவர் பெயருக்கும் நடுவே ‘அல்லது’. முகாம் முழுக்க ரெப்ஸ் ஆளுக்குப் பாதி. இருவர் எறியும் வேகமும் வேறு, ரிசீவருக்கு யார் பந்து எப்போது வரும் என்ற பழக்கமே அமையாது. ஜோன்ஸ் தொடங்கினார், கோல் கோட்டருகே பாரெட்டை இறக்கிப் பார்த்தார்கள், அக்டோபர் 24 ரட்கர்ஸ் ஆட்டத்தில்தான் பாரெட் தொடக்க ஆட்டக்காரராக வந்தார். ஆகஸ்டில் முடிக்க வேண்டியது ஏழு ஆட்டம் தள்ளி முடிந்தது.