ஒரே சிவப்பு, இரண்டு அமிலம்

கொல்லிமலைப் பாறையில் ஒட்டியிருந்த, மஞ்சள் கலந்த பச்சை லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்) அது, சாந்தோபார்மீலியா என்ற பேரினம். அதில் என்ன அமிலம் இருக்கிறது என்று பார்க்கப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டேன், மஞ்சளாகி அப்புறம் ரத்தச் சிவப்பானது. சாலசினிக் அமிலம் என்று நோட்டில் எழுதிவிட்டேன். நார்ஸ்டிக்டிக் அமிலமும் இதே சிவப்பைத்தான் காட்டும் என்று பிறகுதான் தெரிந்தது, அன்று இரவு சரியாகத் தூக்கமே இல்லை.

டிஎல்சி ஓட்டிப் பார்த்தேன், அதாவது சாற்றில் கலந்திருக்கும் பொருள்களைச் சிலிக்கா பூசிய தட்டில் கரைப்பானை ஏறவிட்டுத் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரிக்கும் முறை. நகக்கண் அளவு துண்டு போதும், வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் வளரும் உயிரை அள்ளிக்கொண்டு வர எனக்கு மனசு வராது. அசிட்டோனில் ஊறவைத்து, நுண்குழாயால் சிலிக்கா தட்டில் பொட்டு வைத்து, பக்கத்திலேயே அட்ரனோரின் என்ற லைக்கன் பொருளும் நார்ஸ்டிக்டிக்கும் உள்ள ஒப்பீட்டுச் சாறு வைத்தேன். கரைப்பான், 1970-ல் கல்பர்சனும் கிறிஸ்டின்சனும் வகுத்த முறையில் வந்த 'ஏ' கலவையின் பிற்கால வடிவம்: டொலுவீன் 180, டையாக்சேன் 45, அசிட்டிக் அமிலம் 5. முதல் தட்டில் ஆசையாகப் பொட்டுமேல் பொட்டாக வைத்ததில் எல்லாம் வால் பிடித்து ஒன்றோடொன்று இழுத்துக்கொண்டது. இரண்டாவது தட்டில் சாற்றைக் குறைத்தேன், 254 நானோமீட்டர் விளக்கில் தெரிந்த கரும்பொட்டுகளைப் பென்சிலால் சுற்றி, 10 சதவீதக் கந்தக அமிலம் தெளித்து 110 டிகிரியில் சூடாக்கினேன்.

மேலே அஸ்னிக் அமிலம், நடுவில் ஒப்பீட்டுப் பொட்டுக்கு நேராக நார்ஸ்டிக்டிக், அடியில் ஆரஞ்சு நிறத்தில் சாலசினிக். இரண்டுமே இருந்தன! சொட்டு விட்டதோடு நிறுத்தியிருந்தால் ஒன்று விட்டே போயிருக்கும்.

--

அண்ணா, உங்களுக்கு நடந்ததுபோலவே எனக்குப் பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய கல்பாசிப் பொட்டலத்தில் நடந்தது, மசாலாவில் போடும் அதுவும் லைக்கன்தானே. எங்கள் அமுச்சிக்குக் கல்பாசி என்றால் எல்லாம் ஒன்றுதான், ஆனால் சில துண்டுகள் பிளீச்சுக்குச் சிவந்தன, சில அசையவே இல்லை. தட்டில் போட்டதும் அவை வேறு வேறு இனம் என்று பட்டென்று தெரிந்தது: சிவந்ததில் லெக்கனோரிக் அமிலம், மற்றதில் அந்த இடம் காலி. ஒன்று மட்டும் சொல்கிறேன்ணா, அமிலம் தெளிப்பதற்கு முன் தட்டை வெறும் தண்ணீரால் நனைத்துப் பாருங்கள். கொழுப்பமிலம் இருக்கும் இடம் மட்டும் நனையாமல் வெள்ளையாக நிற்கும். எந்த விளக்கிலும் அது தெரியாததால், நான் இரண்டு மாதம் கவனிக்காமலே விட்டிருந்தேன்.