உப்புக்காற்று ஊரில் முதல் கிட்டார்: 6,000 ரூபாய்க்கு எதை வாங்கலாம்?

தங்கச்சிமடம் தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு மட்டும்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் பாட்டுக்குள் நான் கிட்டார் பழகிவிட வேண்டும் என்று ஆசை. இதுவரை கையில் தொட்டதுகூட இல்லை. சேர்த்து வைத்தது 6,000 ரூபாய். ஆன்லைனில் 38 அங்குலக் கிட்டார், பை, கம்பியைத் தட்டும் பிக், ஒரு செட் கம்பி எல்லாம் சேர்த்து 3,500க்கு வருகிறது. நண்பன் அதைத் தொடாதே, யமஹா எஃப் 280 வாங்கு என்கிறான். அது 8,000க்கு மேல் போகிறது. இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை அப்பா கரையில்தான். வீட்டில் கேட்க முடியாது. என்ன செய்யலாம்?

கீழக்கரை காக்கா:
தம்பி, அந்த 3,500 கிட்டாரையே வாங்குங்கள். நான் பழகியது அப்படி ஒன்றில்தான். என்னோடு சேர்ந்து ஆசைப்பட்ட இரண்டு பேர், வாங்கினால் நல்லதாக வாங்கலாம் என்று காசு சேரக் காத்திருந்தார்கள். இன்றுவரை வாங்கவில்லை. ஜி, சி, டி, இ மைனர் என்று நான்கு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, விரலில் ஏறிவிட்டால் கோவில் பாட்டு நிறைய வாசிக்கலாம். மீதிக் காசைக் கம்பிக்கு வையுங்கள்.

பாம்பன் ஆறுகம்பி:
காக்கா சொல்வதை நான் ஏற்கவில்லை. எங்கள் குழுவில் ஒரு பையன் இதே மாதிரி செட் ஒன்றை வாங்கினான். பிரித்த அன்றே ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில், குறுக்காகப் பதித்த உலோகப் பட்டிதான் ஃப்ரெட். 12ஆவது ஃப்ரெட்டில் தடித்த கம்பி 5 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. இரண்டு, இரண்டரை இருந்தால் விரலுக்குச் சுகம். மூன்றைத் தாண்டினாலே புதிதாகப் பழகுபவருக்குக் கஷ்டம். அவன் சி கார்டு வரை தாக்குப்பிடித்தான். எஃப் கார்டுக்கு ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும், அங்கே நின்றுவிட்டான். அவனுக்கு ஆர்வம் இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அது இன்னும் மனதில் கிடந்து உறுத்துகிறது. அவன் கிட்டாரை நான் வாசித்தாலும் எனக்கும் கை வலித்தது. அவனுடைய ஆர்வத்தில் எந்தக் குறையும் இல்லை.

அப்புறம் மழைக்காலம் வந்தது. கம்பியைப் பிடித்து வைத்திருக்கும் பிரிட்ஜ் பின்பக்கமாக எழும்பத் தொடங்கியது. அதன் அடியில் ஒரு தாளை நுழைத்தேன், பாதிவரை உள்ளே போனது. பசை விட்டுவிட்டது. தம்பி, இரண்டு மாதம் பொறுத்துக் காசு சேர்த்து நல்லதாக வாங்குங்கள்.

மண்டபம் அக்கா:
இரண்டு பேருமே இரும்புக் கம்பியை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறீர்களே! தம்பி, நீங்கள் நைலான் கம்பி கிட்டார் பாருங்கள். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல். இரும்புக் கம்பி புதிதாகப் போட்டால் இரண்டாவது வாரமே முதல் கம்பியில் பழுப்புப் புள்ளி தெரியும். விரலை இழுத்தால் மணலில் தேய்ப்பதுபோல் இருக்கும், நுனியில் துருக்கறை ஒட்டும். 1914இல் திறந்த பாம்பன் பாலத்தையே துரு தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். மயிரிழை தடிமன் உள்ள கம்பி எந்த மூலைக்கு?

இன்னொன்று, இழுவை. சாதாரண 12 கேஜ் தடிமன் இரும்புக் கம்பி ஆறும் சேர்ந்து சுமார் 73 கிலோ இழுக்கும். நைலான் அதில் பாதிதான். பிரிட்ஜ் எழும்புவதும் நெக் வளைவதும் அதனால் குறையும், புது விரலுக்கும் வலி குறைவு. ஆனால் ஒன்று, நைலான் கிட்டாரில் ஒருநாளும் இரும்புக் கம்பியை மாட்டிவிடாதீர்கள். பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

பாம்பன் ஆறுகம்பி:
அக்கா, துரு பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் தம்பி கேட்டது கோவிலில் வாசிக்க. ஐம்பது பேர் பாடும்போது நைலான் சத்தம் அமுங்கிப்போகும். நெக்கும் அகலம். யமஹாவின் நைலான் கிட்டார் சி 40ல் நட் பக்கம், அதாவது நெக்கின் மேல்முனையில், 52 மில்லிமீட்டர், இரும்புக் கம்பி கிட்டாரில் 43தான். சின்னக் கை என்றால் எட்டாது. நைலானிலும் கீழ்ச்சுர மூன்று கம்பிகளின் மேல் உலோகம்தான் சுற்றியிருக்கிறது, அதுவும் கறுக்கும். சி 40 விலையும் தம்பியின் காசுக்குள் வராது.

மண்டபம் அக்கா:
கறுக்கும், ஆனால் துருப்பிடித்து விரலைக் கிழிக்காது. சத்தம் போதவில்லை என்றால் முன்னால் ஒரு மைக் வைக்கலாம். நான் 52 மில்லிமீட்டரில்தான் பழகினேன், என் கை பெரிய கை இல்லை. கட்டைவிரலை நெக்கின் பின்னால் நடுவில் வைத்தால் எட்டும். விலை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கீழக்கரை காக்கா:
ஆறுகம்பி தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்தப் பையனுக்கு 5 மில்லிமீட்டர் என்று அளந்தீர்கள், சரி செய்து கொடுத்திருக்கலாமே. பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைச் சேடிலை உருவி, உப்புத்தாளைத் தட்டையாக மேசையில் வைத்து அடிப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். 12ஆவது ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் இறங்க, சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்கணும். கொஞ்சம் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்க்கணும். அவசரப்பட்டு அதிகம் தேய்த்தால் கம்பி ஃப்ரெட்டில் பட்டு ஜிர்ரென்று அதிரும். என் முதல் கிட்டாரை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து இப்படித்தான் இறக்கினேன்.

பாம்பன் ஆறுகம்பி:
அதைச் செய்யாமல் விட்டது என் தப்புதான். ஆனால் 5ஐ மூன்றாக்க சேடிலில் 4 மில்லிமீட்டர் தேய்க்கணும், அதில் அவ்வளவு உயரமே இல்லை. நெக் வளைந்திருந்தது, உள்ளே ட்ரஸ் ராடும் கிடையாது. நெக்குக்குள் ஓடும் அந்த இரும்புத் தண்டு இருந்தால்தான் ஆலன் கீயால் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி வளைவை எடுக்க முடியும். தம்பி, எதை வாங்கினாலும் இது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தொண்டி வாசகன்:
பழையது வாங்கலாமே. வெளிநாட்டுக்கும் சென்னைக்கும் போகிறவர்கள் ராம்நாட்டில் விற்றுவிட்டுப் போகிறார்கள்.

பாம்பன் ஆறுகம்பி:
இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எஃப் 280 பழையது என்றால் தம்பி காசுக்குள் முடியலாம். அதன் மேற்பலகை லேமினேட். ஒட்டுப்பலகை என்று சிலர் இளப்பமாகச் சொல்வார்கள், ஆனால் நம் ஊர் ஈரத்தில் தனிப்பலகையை விட அதுதான் வெடிக்காமல் நிற்கும். நேரில் போய் வாசித்துப் பார்த்து வாங்குங்கள், கூரியரில் வேண்டாம். போனில் டியூனர் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கம்பியைச் சும்மா தட்டிச் சுருதி சேருங்கள். அப்புறம் 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தித் தட்டுங்கள். அதே சுரம்தான் ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும். முள் தள்ளி நின்றால் எவ்வளவு சுருதி சேர்த்தாலும் கார்டு ஒட்டாது, விட்டுவிடுங்கள்.

கீழக்கரை காக்கா:
பழையது நல்லதாகக் கிடைத்தால் எனக்கும் சந்தோஷம். கிடைக்கவில்லை என்றால் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள், புதிதாக மலிவானதையே வாங்குங்கள். அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மண்டபம் அக்கா:
எதை வாங்கினாலும் வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் பழைய வேட்டித் துணியால் அடிவரை சுற்றிப் பிடித்துத் துடைத்துவிடு தம்பி. சுவரில் மாட்டாதே, பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் பக்கமே வேண்டாம்.

தங்கச்சிமடம் தம்பி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று விசாரித்தேன். ராம்நாடு பாரதி நகரில் ஒரு அண்ணன் வேலைக்கு வெளியூர் போகிறார், அவரிடம் எஃப் 280 இருக்கிறது. 5,500 சொல்கிறார். கம்பி முழுக்கத் துரு, பிரிட்ஜ் எப்படி என்று போட்டோவில் தெரியவில்லை. சனிக்கிழமை போகிறேன். ஸ்கேலும் ஒரு தாளும் எடுத்துப் போகிறேன். எனக்கு வாசித்துப் பார்க்கத் தெரியாதே, ஆறுகம்பி அண்ணே, நீங்கள் வர முடியுமா?

பாம்பன் ஆறுகம்பி:
வருகிறேன் தம்பி. காலை ஒன்பது மணிக்குப் பாம்பன் நிறுத்தத்தில் நிற்பேன், நீங்கள் வரும் பஸ்ஸிலேயே ஏறிக்கொள்கிறேன். புதுக் கம்பி ஒரு செட் என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். துருப்பிடித்த கம்பியில் கேட்டால் கிட்டாரின் குரல் தெரியாது.