“சவேரியார் தாத்தா குடும்பம்” குழு: எகிப்து மடத்துக் கொலை

*ஞாயிறு*

அந்தோணி மாமா 8:41
[பலமுறை அனுப்பப்பட்டது]
எகிப்து நாட்டில் ஜெபிக்கச் சென்ற பிஷப்பை மடத்துக்குள் புகுந்த தீவிரவாதிகள் அடித்துக் கொன்றனர். எந்த டிவியும் இதைக் காட்டாது. ஆமென் என்று பதிவிட்டு 10 பேருக்கு அனுப்பவும்.

லில்லி சித்தி 8:43
ஆமென் 🙏🙏 ஆண்டவரே எங்க பாத்தாலும் இதான்

பெரியப்பா 8:44
ஆமென்.

ஜெனி 8:52
மாமா இது 2018 ஜூலை 29ல நடந்தது. பிஷப் செத்தது நெசம். கொன்னதா தீர்ப்பான ரெண்டு பேருமே அதே மடத்துச் சாமியாருங்க

லில்லி சித்தி 8:52
😳😳

அந்தோணி மாமா 8:53
ஏட்டி சும்மா எதையாவது சொல்லாத. சாமியாரு பிஷப்ப கொல்லுவாரா

லில்லி சித்தி 8:54
ஏண்ணன் கொல்லமாட்டாங்க. கோட்டயத்துல அபயா சிஸ்டர் கிணத்துல கெடந்தாளே மறந்துட்டியா

ஜெனி 8:56
அது 1992 சித்தி. ஒரு சாமியாரும் ஒரு சிஸ்டரும் கொன்னதா 2020 டிசம்பர்லதான் சிபிஐ கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, 28 வருசம் கழிச்சு. 2022ல ஹைகோர்ட் தண்டனைய நிறுத்தி வச்சு ஜாமீன் குடுத்துட்டு. அதை இப்ப கிளறவேண்டாம், விடிஞ்சிரும்

டேனி 8:57
ஜெனி மைனி எகிப்து கதைய சொல்லுங்க. பாப்கார்ன் ரெடி 🍿

பெரியப்பா 8:58
டேனி, ஒரு ஆயர் இறந்திருக்கிறார். பாப்கார்ன் எல்லாம் வேண்டாம்.

டேனி 8:58
சாரி பெரியமாமா

ஜெனி 9:04
கெய்ரோவுல இருந்து அலெக்சாந்திரியா போற பாலைவன ரோட்டுல வாடி நத்ரூன்னு ஒரு பள்ளம். ஏறக்குறைய 90 கிமீ. அங்க நாலு பழைய மடம் இருக்கு. அதுல ஒண்ணு புனித மக்காரியுஸ் மடம், 4ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்சது. சுத்தி உயரமான மதில். உள்ளயே கோயிலு, தோட்டம், மாடு, எல்லாம். வெளியாளு நெனச்ச நேரத்துக்கு நுழைய முடியாது

அதுக்கு அதிபரு பிஷப் எபிபானியுஸ். 64 வயசு. தந்தா ஊர்க்காரரு, டாக்டருக்குப் படிச்சவரு. 1984ல மடத்துல சேந்தாரு. கிரேக்கத்துல இருந்து வேதாகமத்த அரபிக்கு மொழிபெயர்ப்பாரு. 2013ல அந்தச் சாமியாருங்களே ஓட்டுப் போட்டு அவர அதிபராக்குனாங்க

பெரியப்பா 9:06
நல்ல மனுஷன் போலிருக்கே.

ஜெனி 9:09
ஞாயித்துக்கெழம விடியுமுன்ன எந்திரிச்சு தன் அறையில இருந்து கோயிலுக்கு ஜெபத்துக்குப் போறாரு. அந்த நடையிலயே பின்மண்டையில அடிபட்டு ரத்தத்துல கெடந்தாரு. இரும்புக் குழாயால அடிச்சதுன்னு கேஸ்

மாமா சொல்லுத சந்தேகம் அன்னைக்கு எல்லாருக்கும் வந்ததுதான். அதுக்கு முந்தின வருசம் 2017 குருத்தோலை ஞாயிறுல தந்தாவுலயும் அலெக்சாந்திரியாவுலயும் கோயில்ல குண்டு வெடிச்சு எத்தனையோ பேரு செத்தாங்க. அதனால வெளியாளுன்னுதான் நெனச்சாங்க. ஆனா அந்த மதில தாண்டி, அந்த இருட்டுல, அவரு எத்தன மணிக்கு எந்த நடை வழியா போவாருன்னு வெளியாளுக்கு எப்பிடி தெரியும்?

அந்தோணி மாமா 9:11
ம்

டேனி 9:11
ம்-ன்னா என்னப்பா அர்த்தம் 😂

அந்தோணி மாமா 9:12
போல பேசாம

லில்லி சித்தி 9:13
யாரு மேல சந்தேகம் வந்துச்சு?

ஜெனி 9:18
எசாயான்னு ஒரு சாமியாரு. முப்பது சொச்சம் வயசு. அந்த வருசமே பிஷப்புக்கும் அவருக்கும் ஆகாம இருந்துச்சு. மடத்து ஒழுங்க மீறுதாருன்னு அவர வேற எடத்துக்கு மாத்த உத்தரவு வந்து, மத்த சாமியாருங்க கையெழுத்துப் போட்டுக் கெஞ்சி நிப்பாட்டுனாங்கன்னு செய்தி. ஆகஸ்ட் 5ல அவரு துறவியே இல்லன்னு அங்கிய கழட்டிட்டாங்க. மறுநாளே ஃபல்தாவுஸ்ங்கிற இன்னொரு சாமியாரு கைய அறுத்துக்கிட்டு மடத்து மாடியில இருந்து குதிச்சாரு. பொழைச்சுட்டாரு. எசாயா அடிச்சாரு, ஃபல்தாவுஸ் காவலுக்கு நின்னாரு. கேஸ் இதான்

லில்லி சித்தி 9:19
யேசுவே

பெரியப்பா 9:21
சொந்தப் பகை மட்டும்தானா? அப்படித் தோணலையே. அந்த மடத்துக்குள்ளேயே பழைய பிளவு இருந்திருக்கணும்.

ஜெனி 9:27
கரெக்ட் பெரியப்பா. அதான் எனக்கும் முக்கியமாப் படுது. 1969ல அந்த மடம் பாழடைஞ்சு ஒருசில கெழட்டுச் சாமியாருங்கதான் மிச்சம். மத்தா எல்-மிஸ்கீன்னு ஒருத்தர் 12 சீடங்களோட வந்து தூக்கி நிறுத்துனாரு. படிப்பாளி. ஆனா 1971ல போப்பான மூன்றாம் ஷெனூதாவுக்கும் அவருக்கும் ஒத்து வரல. 2006ல அவரு செத்தபிறகு புதுசா ஆளுங்க வந்தாங்க. பழைய குருவோட சீடங்க ஒரு பக்கம், புது ஆளுங்க ஒரு பக்கம். எபிபானியுஸ் பழைய பக்கம். நடுவுல கெடந்து ரெண்டையும் ஒட்டப்பாத்தாரு

லில்லி சித்தி 9:28
போப்பா? ரோம்ல இருக்க பாப்பரசரா?

ஜெனி 9:29
இல்ல சித்தி. எகிப்து கிறிஸ்தவங்களோட காப்டிக் சபைக்குத் தனி போப். இப்ப இரண்டாம் தவாத்ரோஸ்

லில்லி சித்தி 9:29
ஓ சரி சரி

ஜெனி 9:32
கொல நடந்த அதே வாரம் தவாத்ரோஸ் மடங்களுக்கு 12 உத்தரவு போட்டாரு. ஒரு வருசத்துக்குப் புதுசா யாரையும் துறவியா சேக்கக்கூடாது. அனுமதியில்லாம மடத்த விட்டு வெளிய போகக்கூடாது. ஃபேஸ்புக் கணக்கு இருந்தா ஒரு மாசத்துல மூடணும். தன் ஃபேஸ்புக் பக்கத்தயும் அவரே மூடிட்டாரு

டேனி 9:33
நம்ம குரூப்புக்கும் அந்த உத்தரவு வந்தா நல்லாருக்கும்

அந்தோணி மாமா 9:33
எனக்குத்தான சொல்லுத

டேனி 9:34
பொதுவா சொன்னேன்பா

ஜெனி 9:40
செப்டம்பர்ல இன்னொண்ணு. அந்த மடத்துல இருந்து அசியூத் பக்கம் முஹர்ரக் மடத்துக்கு மாத்துன ஒரு சாமியாரு விஷத்துல செத்துப்போனாரு

டேனி 9:41
அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு!! வாயடைச்சுட்டாங்க

ஜெனி 9:42
நீ பாட்டுக்கு கதை கட்டாதல. தற்கொலையா இருக்கலாம்னு பேச்சு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல

பெரியப்பா 9:44
தீர்ப்பு?

ஜெனி 9:47
2019 ஏப்ரல்ல தமன்ஹூர் கோர்ட்ல ரெண்டு பேருக்கும் தூக்கு. அங்க தூக்குன்னா முஃப்திகிட்ட, அதாவது அரசோட இஸ்லாமியச் சட்டப் பெரியவருகிட்ட, கருத்துக் கேட்டுத்தான் முடிவாகும், கிறிஸ்தவச் சாமியாரா இருந்தாலும் அதே விதி. 2020 ஜூலைல மேல்கோர்ட் எசாயாவுக்குத் தூக்க உறுதி பண்ணி ஃபல்தாவுஸுக்கு ஆயுளாக் கொறச்சது. 2021 மே 9ல எசாயாவத் தூக்குல போட்டாச்சு. கறுப்பு அங்கி, சிலுவை தச்ச குல்லாயோட வாழ்ந்தவரு. தூக்குக் கைதிக்கு அங்க செவப்பு உடுப்பு

அந்தோணி மாமா 9:49
அப்ப கண்டுபிடிச்சு தண்டிச்சாச்சு. இதுல மர்மம் என்ன இருக்கு

ஜெனி 9:55
மாமா, எசாயா குத்தத்த ஒத்துக்கிட்டாரு, எப்பிடி அடிச்சேன்னு அங்கயே நடிச்சும் காட்டுனாரு. அப்புறம் கோர்ட்ல மாத்திச் சொல்லிட்டாரு, அடிச்சு வாங்குன வாக்குமூலம்னு. மனித உரிமைக்காரங்களும் விசாரணை சரியில்லன்னுதான் சொன்னாங்க. நம்ம ஊருல போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்ல நிக்காது, மாஜிஸ்திரேட் முன்னால சொல்லணும். அங்க அரசு வக்கீல் ஆபீஸே விசாரணையும் நடத்தும். நான் வாதாடியிருந்தா, வாக்குமூலத்த எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்குன்னுதான் மொதல்ல கேட்டிருப்பேன்

அந்தோணி மாமா 9:57
அப்ப அவரு கொல்லலங்கியா

ஜெனி 9:59
கொல்லலன்னு நான் எங்க சொன்னேன்? கொன்னிருக்கலாம். ஆனா தூக்குல போட்டபிறகு நாளைக்கு வேற சாட்சி வந்தாலும் பிரயோசனம் இல்ல. மடத்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்ல ஃபல்தாவுஸ் வாயத் தெறந்தாத்தான் உண்டு

லில்லி சித்தி 10:00
தெறப்பாரா?

ஜெனி 10:01
அவரத்தான் கேக்கணும் சித்தி. எனக்கு காலைல பத்தரைக்கு ஹைகோர்ட்ல கேஸ், படுக்கப்போறேன்