சுழல்நீர்க் குழாயில் புதினா வேர் அழுகுவது ஏன்?

கேள்வி: பாளையங்கோட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில், பிவிசி குழாய்களில் மண்ணில்லாமல் புதினா வளர்க்கிறேன், தொட்டியிலிருந்து மோட்டார் ஏற்றும் ஊட்டநீர் குழாய்களில் ஓடித் தொட்டிக்கே திரும்புகிறது. மாசி வரை செழித்திருந்த செடிகள் பங்குனி வெயிலில் துவள்கின்றன. வேரை இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு, நூல் போன்ற நடுநரம்பு மட்டும் கையில் நிற்கிறது. உரம் கூடிவிட்டதா?

மறுமொழி 1: அண்ணாச்சி, உரத்தைக் குறை சொல்லும் முன் தொட்டி நீரின் சூட்டைப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைய, வேரின் தேவையோ அப்போதுதான் கூடுகிறது. மூச்சு முட்டிய வேரைப் பித்தியம் என்னும் அழுகல் நோய்க் கிருமி பற்றுகிறது. நீர் சுழல்வதால் ஒரு செடியின் நோய் எல்லாக் குழாய்களுக்கும் பரவிவிடும். தொட்டியை நிழலுக்கு மாற்றி, ஈரச் சாக்கைச் சுற்றி, மீன்தொட்டிக்குப் போடும் காற்று மோட்டாரைப் பொருத்துங்கள். அழுகிய வேருள்ள செடிகளை, மனம் வராவிட்டாலும், பிடுங்கி எறிந்துவிடுங்கள்.

மறுமொழி 2: உரத்தையும் ஒதுக்கிவிட முடியாது. வெயிலில் செடி, கரைந்துள்ள உர உப்பைவிட நீரையே வேகமாக உறிஞ்சுவதால், எஞ்சும் கரைசல் கெட்டியாகும். தொட்டியில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்கு உரம் கலக்காத வெறும் நீரையே ஊற்றி, அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 5.5 முதல் 6.5 வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்: பிற்பகல் இரண்டு மணிக்குத் தொட்டி நீர் 34 டிகிரி காட்டியது. சாக்கு நனைத்தாயிற்று.